தக்கையும் பூஞ்சணமும்

நீர் நிறைந்த குடத்தில் ஒரு தக்கைத் துண்டை இட்டால் அஃது அமிழாமல் மிதக்கும். விரலால் அமிழ்த்தினும், விரலை எடுத்தவுடன் மேலே எழும். அழுத்தினால் சுருங்குவதும், விட்டால் பழைய வடிவத்தைப் பெறுவதும், நீரையும் காற்றையும் எளிதில் உட்புக விடாமல் தடுப்பதும் அதன் இயல்புகள். இவ்வியல்புகளால் சீசாக்களின் வாயை அடைப்பதற்கும், மீன் வலைகளில் மிதவையாகக் கட்டுவதற்கும் மக்கள் அதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். ‘இத்துணை இலேசான பொருளில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?’ என்று சிலர் வினவக்கூடும். ஆயினும், அத்தக்கையின்மீது கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் ஓயாது போரிடுகின்றன. அப்போரின் வெற்றி தோல்விகள் தொழிலாளர் பலருடைய உடல் நலத்தையும், ஒரு நாட்டின் வாணிகத்தையும், பரந்த காடுகளின் வாழ்வையும் தாக்கியுள்ளன. அவ்வரலாறு அறியத் தக்கது.

தக்கை என்பது ஒருவகை ஓக்கு மரத்தின் பட்டை. இம்மரம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளர்கிறது. போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, இத்தாலி, பிரான்சு ஆகிய நாடுகளில் இதன் காடுகள் உள்ளன. உலகில் கிடைக்கும் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகல் நாட்டிலிருந்தே வருகிறது. அந்நாட்டின் பாராளுமன்றம் 2011-ஆம் ஆண்டில் இம்மரத்தை நாட்டின் மரமாக அறிவித்துப் பெருமை செய்தது.

மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்துப் பயன் கொள்வதே இத்தொழிலின் சிறப்பு. மரம் ஏறக்குறைய 25 ஆண்டு வளர்ந்த பின்னரே முதன்முறை பட்டை உரிக்கப்படும். அதன்பின் மரம் புதிய பட்டையைத் தானே வளர்த்துக்கொள்ளும். ஒருமுறை உரித்த மரத்தை ஒன்பது ஆண்டுகள் கழியுமுன் மீண்டும் உரித்தல் கூடாது என்பது போர்ச்சுகல் நாட்டுச் சட்டம். கோடைக் காலத்தில், கைதேர்ந்த உழவர்கள் கூரிய கோடரியால் உள்மரத்திற்கு ஊறு நேராதவாறு பட்டையைப் பிளந்து பலகை பலகையாக எடுப்பர். உரித்த ஆண்டின் இறுதி எண்ணை மரத்தின்மீது வண்ணத்தால் எழுதியும் வைப்பர். முதலிரு முறை உரித்த பட்டை கரடுமுரடாக இருக்கும். மூன்றாம் முறையிலிருந்தே சீசா அடைப்பதற்குரிய நல்ல தக்கை கிடைக்கும். ஆகவே, மரத்தை நட்டவர் அதன் முழுப் பயனைக் காண்பதற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் காத்திருத்தல் வேண்டும். தந்தை நட்டதன் பயனை மைந்தன் துய்ப்பதே இத்தொழிலில் பெருவழக்கு.

தக்கை இவ்வளவு இலேசாக இருப்பதன் காரணத்தை முதன்முதலில் கண்டவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஹூக் ஆவர். அவர் ஒரு தக்கைத் துண்டைப் பேனாக் கத்தியால் மெல்லிதாகச் சீவி உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கினார். தேன்கூட்டின் அறைகளைப் போன்ற எண்ணற்ற சிற்றறைகள் புலப்பட்டன. ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடிக்கு மேற்பட்ட அறைகள் உள்ளன என்று அவர் கணக்கிட்டார். அவற்றிற்கு அவர் இட்ட ‘செல்’ என்னும் பெயரே இன்று உயிர்நூலில் வழங்கி வருகிறது. 1665-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மைக்குரோகிராபியா’ என்னும் அவருடைய நூலில் இச்செய்தி காணப்படுகிறது. அந்நூலிலேயே மற்றொரு படமும் உண்டு. ஆட்டுத் தோலால் ஆகிய ஒரு நூலுறையின்மீது பூத்திருந்த பூஞ்சணத்தை அவர் உருப்பெருக்கியால் கண்டு வரைந்தார். தக்கையையும் பூஞ்சணத்தையும் ஒரு நூலில் வைத்து விளக்கிய அப்பெரியார், பிற்காலத்தார் அவ்விரண்டையும் ஒன்றுசேர்த்து ஆராய நேரும் என்று எண்ணியிருக்கமாட்டார்.

தக்கையின் அறைகளுக்குள் காற்றே நிறைந்திருக்கிறது. அறைச் சுவர்களில் ‘சூபரின்’ என்னும் மெழுகுத் தன்மையுள்ள பொருள் மிகுதியாக உள்ளது. நீர் புகாமல் தடுப்பது இதுவே. இதனைத் தின்று செரிக்க வல்ல நுண்ணுயிர்கள் மிகச் சிலவே. எனவே, தக்கை ஓர் உறுதியான கோட்டை போன்றது. ஆயினும், எந்தக் கோட்டைக்கும் வாயில் உண்டு. மரம் காற்றை ஏற்பதற்கு அமைந்த சிறு மூச்சுத்துளைகள் பட்டையை ஊடுருவிச் செல்கின்றன. அத்துளைகளில் தூசியும் ஈரமும் தங்குகின்றன. பட்டையில் அமைந்த சிறிதளவு சருக்கரைப் பொருள்களும் பிற சத்துகளும் உணவாகின்றன. காற்றில் மிதந்து வரும் பூஞ்சணச் சிதல்கள், விதை மண்ணில் ஊன்றுவது போல, அங்கே ஊன்றுகின்றன. சிதல் என்பது பூஞ்சணத்தின் விதை போன்ற நுண்ணிய தூள். அதனுடன் பாக்டீரியங்களும் வந்து சேர்கின்றன.

உரித்த பலகைகளைத் தொழிற்சாலையார் வெயிலும் மழையும் படுமாறு ஆறு மாதத்திற்குக் குறையாமல் அடுக்கி வைப்பர். பின்னர், கொதிக்கும் நீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவைப்பர். வெந்த பலகை விரிந்து, மென்மையுற்று, வளைவு நீங்கும். அதிலிருந்த கறைச்சாறும் அழுக்கும் நீரில் இறங்கும். அதன்கண் வாழ்ந்த பூஞ்சணங்களுள் பெரும்பாலன மடியும். வெப்பத்தைத் தாங்கும் வன்மையுள்ள சில பாக்டீரியச் சிதல்களே எஞ்சும். இவ்வாறு, முன்பு குடிகள் நிறைந்திருந்த நாடு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய வெற்றிடமாகிறது. ஆனால், அவ்வெற்றிடமோ ஈரமும் வெதுவெதுப்பும் உடையது. இத்தகைய வளமான இடம் ஆளற்றுக் கிடத்தல் இயற்கையில் நெடுநேரம் நிகழாது. யார் முதலில் வந்து குடியேறுவர் என்பதே வினா.

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பது தமிழ்ப் பழமொழி. நுண்ணுயிர்களின் உலகிலோ பந்தியும் படையும் ஒன்றே. முந்தி வந்து உண்பவரே போரிலும் வெல்வர். வேகவைத்த தக்கைப் பலகையில் முந்தி வருவது ‘கிரைசோனிலியா சைட்டோபிலா’ என்னும் பூஞ்சணம். இஃது ‘நியூரோஸ்போரா’ என்னும் இனத்தைச் சேர்ந்தது. காட்டுத்தீ எரிந்து தணிந்தபின் கரிந்த மரங்களின்மீது முதலில் தோன்றும் உயிர்களுள் இவ்வினமும் ஒன்று. வெப்பத்தால் பிற உயிர்கள் அழிந்த இடத்தைத் தன் இடமாகக் கொள்வது இதன் இயல்பு. இதன் இழைகள் வியக்கத்தக்க விரைவுடன் வளர்வன. ஈரம் உலராத பலகையைச் சில நாள்களுக்குள் பஞ்சு போர்த்தினாற்போல இது மூடிவிடும்.

இதற்கு எதிரி ‘பெனிசிலியம் கிளாப்ரம்’ என்னும் பூஞ்சணம். இதன் வளர்ச்சி மெல்லியது. நிறம் நீலம் கலந்த பச்சை. விரைவில் கிரைசோனிலியாவுக்கு இஃது ஒப்பாகாது. ஆயினும், பொறுமையில் மிக்கது. கிரைசோனிலியாவிற்கு நிறைந்த ஈரம் வேண்டும். பெனிசிலியமோ ஈரம் குறைந்த இடத்திலும் உயிர்வாழும். பலகை உலர உலர, முன்னதன் ஆற்றல் குன்றும். பின்னதற்குக் காலம் வாய்க்கும். ஒருவருடைய வலிமை விரைவு. மற்றவருடைய வலிமை வறட்சியைத் தாங்குதல்.

‘டிரைக்கோடெர்மா’ என்னும் மூன்றாமவரின் போர்முறை வேறு. இது பிற பூஞ்சணங்களின் இழைகளைக் கொடி போலச் சுற்றிக்கொண்டு, அவற்றின் சுவர்களைக் கரைத்து, உள்ளிருக்கும் சத்தை உறிஞ்சும். இதன் இவ்வியல்பினை வைண்டிலிங் என்னும் ஆராய்ச்சியாளர் 1932-ஆம் ஆண்டில் விளக்கினார். வேறு சில நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றி நஞ்சினைச் சுரந்து பகைவரை நெருங்கவிடாமல் தடுக்கும். 1928-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் என்னும் அருமருந்து இத்தகைய நஞ்சே. அதனைச் சுரந்தது தக்கையில் வாழும் பெனிசிலியம் அன்று. அதன் உறவினமாகிய மற்றொன்று.

பழந்தமிழர் போரினைப் பல திணைகளாக வகுத்தனர். மாற்றார் நிலத்தின்மேற் படையெடுத்துச் செல்வது வஞ்சி. அரணை முற்றுகையிடுவது உழிஞை. உள்ளிருந்து அவ்வரணைக் காப்பது நொச்சி என்பது புறப்பொருள் வெண்பாமாலையின் முறை. தக்கையின்மீது நிகழ்வனவும் இவையே. வெற்றுப் பலகையின்மீது கிரைசோனிலியா பரவுவது வஞ்சி. பரவியபின் இடத்தை விட்டுக்கொடாமல் நிற்பது நொச்சி. பலகை உலருங்காலத்தை எதிர்நோக்கிப் பெனிசிலியம் புறத்தே காத்திருப்பது உழிஞை. போர்ச்சுகல் நாட்டு ஆராய்ச்சியாளர் இதனைச் சோதனையால் கண்டனர். கிரைசோனிலியா முன்னரே மூடியிருக்கும் பலகையில் பெனிசிலியம் முதலிய பிற பூஞ்சணங்கள் பரவுவது தடைப்படுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இப்போரினால் மனிதர்க்கு நேர்ந்த துன்பம் சிறிதன்று. முற்காலத்தில் வெந்த பலகைகளை இருண்ட, ஈரமான அறைகளில் வாரக்கணக்கில் அடுக்கி வைத்தனர். பூஞ்சணம் பூத்த அப்பலகைகளைத் தொழிலாளர் எடுத்து அறுத்தபோது தூசி மேகம் போல் எழுந்தது. அத்தூசியில் பெனிசிலியத்தின் சிதல்கள் கோடிக்கணக்கில் கலந்திருந்தன. நாள்தோறும் அதனைச் சுவாசித்தவர்களுள் பலர் இருமலாலும் மூச்சுத் திணறலாலும் காய்ச்சலாலும் வருந்தினர். சிலருக்கு நுரையீரல் நாளடைவில் தழும்பேறி இறுகியது. இந்நோய்க்குத் தக்கையின் பெயரால் ‘சூபெரோசிஸ்’ என்று பெயரிட்டனர். 1968-ஆம் ஆண்டில் ஆவிலா, வில்லார் என்னும் போர்ச்சுகல் மருத்துவர்கள் இதனைப் பற்றி உலகிற்கு உரைத்தனர். 1974-ஆம் ஆண்டில் ஆவிலாவும் இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் லேசியும், நோய்க்குக் காரணம் தக்கை மட்டும் அன்று, அதில் வளரும் பெனிசிலியமே முதன்மையான காரணம் என்று விளக்கினர். தக்கையைப் பழித்தவர்கள் அதன்மேல் வாழ்ந்த பகையை அதுகாறும் அறியவில்லை.

இரண்டாவது துன்பம் மனிதர் தாமே வருவித்துக்கொண்டது. தக்கை அடைப்பான்கள் வெண்மையாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும் என்று விரும்பிய தொழிற்சாலையார், குளோரின் கலந்த நீரில் அவற்றைக் கழுவினர். குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும் ஆற்றலுடையது. குடிநீரைத் தூய்மை செய்வதற்கும் பயன்படுவது. ஆனால், தக்கையிலுள்ள சில பொருள்களோடு அது கூடியபோது ‘குளோரோபீனால்’ என்னும் நஞ்சு பிறந்தது. மரங்களைக் காக்கத் தெளித்த பூச்சிக்கொல்லிகளாலும், மரச்சாமான்களுக்குப் பூசிய மருந்துகளாலும் அந்நஞ்சு வேறு வழிகளிலும் தக்கையை வந்தடைந்தது.

கழுவும்போது மடியாமல் தப்பிய பூஞ்சணங்களும், பின்னர் வந்து குடியேறிய பூஞ்சணங்களும் இந்நஞ்சினை எதிர்த்து நிற்க வேண்டியவை ஆயின. அவை அதனோடு கரியும் நீரகமும் கொண்ட ஒரு சிறு தொகுதியைப் பிணைத்து, தமக்குத் தீங்கு குறைந்த வேறொரு பொருளாக மாற்றின. அப்பொருளின் பெயர் ‘டிரைக்குளோரோ அனிசோல்’. பூஞ்சணத்திற்கு அஃது உயிர் காக்கும் உபாயம்; மனிதர் மூக்கிற்கோ ஈரச் சாக்கின் நாற்றம். திராட்சை மது நிறைந்த சீசாவில், ஒரு லிட்டருக்கு, ஒரு கிராமை நூறு கோடிக் கூறுகளாகப் பகுத்தால் வரும் கூறுகளுள் சில கலந்தாலும் அந்நாற்றம் தெரியும். நெடுங்காலம் காரணம் விளங்காதிருந்த இக்குற்றத்திற்கு இப்பொருளே காரணம் என்று 1981-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் டானரும் அவருடைய துணைவரும் கண்டறிந்தனர். 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், தக்கையிலிருந்து எடுத்த 14 பூஞ்சணங்களுள் 11 இம்மாற்றத்தைச் செய்ய வல்லன என்பது புலனாயிற்று. அவற்றுள் டிரைக்கோடெர்மாவும் பியூசேரியமும் முதலிடம் பெற்றன. தூய்மைக்கென்று தெளித்த மருந்தே நாற்றத்திற்கு மூலப்பொருள் ஆனமை, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை நினைவூட்டுகிறது.

இதன் விளைவு சீசாவோடு நிற்கவில்லை. தக்கையின்மீது நம்பிக்கை குன்றியது. 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் மது செய்வோர் பலர் ஒன்றுகூடித் தக்கையை விடுத்து உலோகத் திருகு மூடிக்கு மாறினர். நியூசிலாந்திலும் பலர் அவர்களைப் பின்பற்றினர். வாங்குவார் இல்லாத பட்டையை எவர் உரிப்பர்? உரிப்பதனால் வருவாய் இல்லாத காட்டினை எவர் பேணுவர்? தக்கை ஓக்குக் காடுகள் உழவர்க்கு வேலையும், ஆடுமாடுகளுக்கு நிழலும், பறவைகளுக்குப் புகலிடமும் தருவன. கோடையில் வறளும் மண்ணைக் காப்பன. கண்ணுக்குப் புலனாகாத ஒரு பூஞ்சணத்தின் செயல், நூறாண்டு கடந்த மரங்களின் எதிர்காலத்தை ஐயத்திற்கு உள்ளாக்கியது.

அதன்பின்னரே தொழிலுடையோர் தம் முறைகளைத் திருத்தினர். குளோரினைக் கைவிட்டு, அத்தகைய நஞ்சினைத் தோற்றுவிக்காத ஐதரசன் பெராக்சைடு கொண்டு கழுவத் தொடங்கினர். மண்ணைத் தொட்டு நிற்கும் அடிமரப் பட்டையில் நுண்ணுயிர்கள் மிகுதி. ஆதலின் அதனை அடைப்பான் செய்வதினின்றும் விலக்கினர். மஞ்சள் கறை படிந்த பலகைகளையும் ஒதுக்கினர். பலகைகளை வெறுந்தரையில் அடுக்காமல் சிமெண்டுத் தளத்தின்மேல் அடுக்கினர். கொதிநீரை அடிக்கடி மாற்றினர். வெந்த பலகையை ஈர அறையில் வாரக்கணக்கில் விடாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் விரைவில் உலர்த்தினர். ஆவியாகும் பொருள்களைப் பிரித்தறியும் நுட்பப் பொறிகளால் அடைப்பான்களைச் சோதிக்கவும் கற்றனர். தூசியை உறிஞ்சி அகற்றும் பொறிகளும் முகக் கவசங்களும் தொழிலாளரின் மூச்சைக் காப்பதற்கு வந்தன. இம்முறைகளால் நாற்றக் குற்றம் பெரிதும் குறைந்தது.

இத்திருத்தங்களை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். நுண்ணுயிர்களை அடியோடு அழித்துவிடலாம் என்று எண்ணியபோது தொழிலுடையோர் இடர்ப்பட்டனர். அழித்தபின் அவ்விடத்தில் எது வந்து குடியேறும், எதனை உண்டு வாழும், எவ்வளவு ஈரம் இருந்தால் வளரும் என்று எண்ணியபோது வெற்றி பெற்றனர். இவ்வுண்மை நம் இல்லங்களில் பெண்டிர் நெடுங்காலமாக அறிந்ததே. பாலைக் காய்ச்சினால் அதிலுள்ள நுண்ணுயிர்களுள் பெரும்பாலன மடியும். காய்ச்சிய பாலை வாளா விட்டால் கண்ட கிருமியும் புகுந்து அதனைக் கெடுக்கும். ஆதலின், சூடு ஆறுமுன்னர் ஒரு துளி உறைமோர் இடுவர். நல்ல நுண்ணுயிர் முந்திக் குடியேறுகிறது, அது தோற்றுவிக்கும் புளிப்பினால் தீயவற்றுக்கு இடம் இல்லாமற் போகிறது, பால் தயிராகிறது.

களை பறித்த நிலத்தை உழவன் வெறிதே விட்டால் களையே மீண்டும் முளைக்கும். அவன் பயிரை நட்டால்தான் பறித்த உழைப்புப் பயன் தரும். தக்கைப் பலகைக்கும், பாற்குடத்திற்கும், வயலுக்கும் பொருந்துவது மக்கள் மனத்திற்கும் பொருந்தும். தீய எண்ணத்தை அகற்றுவதோடு அமையாமல், அகற்றிய இடத்தில் நல்லதை விரைந்து நடுதல் வேண்டும். காலம் தாழ்த்தினால் முந்தி வருவது எது என்பது நம் கையில் இராது.